விலாசம் ஒன்றுதான் கேட்டேன்

என் மனைவி வசந்தாவின் கை வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது சோப்பைத்தான். சோப்பை மாற்றினேன். பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். போர் தண்ணீரை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கிற பவுடர். இப்படி வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் விசாரித்து முடித்தேனே தவிர, அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறாள் என்று மட்டும் கேட்கவே இல்லை.

அன்பர்களே, என்னை உங்களுக்குத் தெரியும். கீரப்பாளையம் பக்கத்துக் கிராமங்களுக்கு இருபத்தாறு வருடமாகத் தபால் கொடுக்கிறவன். சிதம்பரத்தில், கோயிலுக்குக் கிழக்கே ஒரு சந்தில் குடியிருப்பவன். நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, இது ஏன், அது எதற்கு என்று எதையாவது கேட்டு எல்லோரையும் எரிச்சல்படுத்துகிறவன். சிதம்பர ரகசியத்தின் திரை விலகும்போது நீங்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். நான் எட்டி எட்டிப் பார்ப்பேன். என் புத்தி அப்படி. அப்படிப்பட்ட நான் என் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் வசந்தாவுக்கு நல்ல பெயர். கோயிலை ஒட்டிய தெரு. சுத்தபத்தம், தீட்டு, ஈரத்துணி என்று கவனமாக இருக்கிறவளுக்கு இங்கே மரியாதை ஜாஸ்தி. "வசந்தா வூட்டு அடுப்பங்கரைல சாமியக் கொண்டாந்து வெச்சிக் கும்புடலாம்" என்று பெண்கள் சொல்வார்கள். பிரசாதம் செய்யும் முறை வந்தால் நம் குழுவில் அவளைத்தான் முதலில் கேட்பீர்கள். எனக்கும் அதில் பெருமை. காலையில் மூன்றாவது தடவையாகக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அவள் நிற்கும்போது, இவ்வளவு ஆசாரமான பெண்டாட்டி யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுப்பேன். நோயைப் பக்தி என்று நினைத்து மெச்சிக்கொண்டிருந்த முட்டாள் நான். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தபால்காரன் எல்லா வீட்டுக்கும் போகிறவன். கல்யாண வீட்டுப் படியும் ஏறுவான், சாவு வீட்டுப் படியும் ஏறுவான். அதனால் சாயங்காலம் நான் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். பையைக் கொல்லையிலேயே ஆணியில் மாட்டிவிட வேண்டும். குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்து நின்றதும் கேள்வி ஆரம்பிக்கும்.

"மாமா, இன்னிக்கு சாவு வூட்டுக்கு எதுக்கும் போவலியே?"

"போவல."

"அந்த வழியா?"

"இல்லம்மா."

"யாராச்சும் மேல பட்டாங்களா?"

"படல."

"கை நல்லா கழுவனீங்களா? நா பாக்கலியே."

நான் மறுபடி கழுவிக் காட்டுவேன். அவள் முகம் கொஞ்சம் தெளியும். சாப்பாடு போடுவாள். சாப்பிட்டு எழுவதற்குள் மறுபடி முதல் கேள்வி. நான் மறுபடி அதே பதில். வருடக்கணக்காக இப்படி. எங்கள் வீட்டுப் பேச்சு என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

இதனால் நான் ஒரு தப்பு செய்தேன். அதை இங்கே மறைத்தால் இந்த அனுபவத்தைச் சொல்வதில் அர்த்தமில்லை. என் பகுதியில் ஒரு வீட்டில் அப்பா இறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. அந்த வீட்டுக்குப் போகவில்லை என்று வசந்தாவிடம் உண்மையாகச் சொல்லவேண்டும் என்பதற்காக அதை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் ஓடிப்போய்க் கொடுத்தேன். தேர்வுக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது. அந்தப் பிள்ளை கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு "ரொம்ப தேங்க்ஸ்ணே" என்றான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிறகு ஒரு நாள் அவனிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அது வேறு. அன்றைக்கு வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். நோய் அவளுக்கு மட்டும் இல்லை, எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று அன்றுதான் உறைத்தது.

போன ஆனித் திருமஞ்சனம் முடிந்த வாரம், வசந்தாவைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை தடவை கழுவுவீங்க என்று கேட்டார். வசந்தா கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "இது தோல் வியாதி இல்ல. ஒரு மனநல டாக்டரப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். வசந்தா எழுந்து வெளியே போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பைத்தியமா மாமா? சுத்தமா இருந்தா பைத்தியமா?"

வாங்காமல் விட்டு வந்த களிம்புச் சீட்டை வாங்க நான் மட்டும் திரும்பிப் போனபோது அந்த டாக்டர் என்னிடம் ஒன்று சொன்னார். "டாக்டர்கிட்ட வரமாட்டாங்கன்னா, மொதல்ல மனநல சமூகப் பணியாளர் யாராவது இருக்காங்களான்னு தேடுங்க. குடும்பத்தோட உக்காந்து பேசுவாங்க. உங்க வீட்டம்மா வரலன்னாலும் உங்ககிட்ட பேசுவாங்க. அதுக்குன்னே படிச்சவங்க."

"எங்க இருப்பாங்க மேடம்?"

"இந்தப் பக்கம் யாருன்னு எனக்குத் தெரியல. விசாரிங்க."

விசாரிக்கச் சொன்னால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். இந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் யார், எந்தத் தெருவில் எந்தக் கதவு தட்டினால் திறக்கும், எந்த நாய் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி விலாசம் அழிந்து வந்த கடிதத்தைக்கூட ஆளிடம் சேர்த்திருக்கிறேன். ஒரு சமூகப் பணியாளரைக் கண்டுபிடிப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

முதலில் போனில் தேடினேன். சென்னை என்று காட்டியது, பெங்களூர் என்று காட்டியது. வீடியோவில் பேசலாம் என்றது. வசந்தா போனைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள், அதில் முகம் பார்த்துப் பேசுவாளா? "உங்கள் அருகில்" என்று வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. உடனே கிளம்பினேன். புள்ளி சொன்ன வழியிலேயே போய் நின்ற இடம் ஒரு நெல் வயல். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தபாலு, வயக்காட்டுக்கே கொண்டாந்துட்ட?"

"இங்க யாராச்சும் மனநல சமூகப் பணியாளர் இருக்காங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குத்தான் இப்ப தேவப்படுது போல" என்றார். இத்தனை வருட அனுபவத்தில் ஒரு விலாசம் என்னை ஏமாற்றியது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அடுத்து என் மச்சான் குமார். வசந்தாவின் தம்பி, கடலூரில் கம்பெனி வேலை. "சமூக சேவகர்தான வேணும் மச்சான்? இதுக்கா அலையறீங்க?" என்று சொல்லி, பேனரில் கும்பிட்டபடி நிற்கிற ஒரு பெரிய மனிதரிடம் கூட்டிப்போனான். அவர் ரொம்ப மரியாதையானவர். டீ வரவழைத்தார். நான் பாதி சொல்லும்போதே "தங்கச்சிக்குத் தையல் மிஷினுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க, மனசு அதுல போய்டும்" என்றார். நான் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது?

கேட்டவரையெல்லாம் கேட்டேன். பள்ளிக்கூட வாத்தியார், மருந்துக்கடைக்காரர், பஞ்சாயத்து ஆபீஸ். ஒருத்தர் ஜோசியரைச் சொன்னார். ஒருத்தர் யோகா சொன்னார். ஒருத்தர் "பொம்பளைங்க சுத்தமா இருந்தா நல்லதுதானப்பா" என்றார். இப்படியே ஆடி பாதி போய்விட்டது.

அந்த சமயத்தில்தான் கடலூரில் இருந்து எங்கள் பெண் திவ்யா போன் செய்தாள். இரண்டு மாதம் என்றாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் ஆகி ஒரு வருடம் முடிந்து வந்த நல்ல செய்தி. வசந்தா போனை வைத்துவிட்டு நேராகப் போய் வீட்டைக் கழுவ ஆரம்பித்தாள். மறுநாளும் கழுவினாள். அதற்கு மறுநாளும். சந்தோஷம் வந்த வீட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கையில் கட்டு போட்டால் கட்டை அவிழ்த்துவிட்டுக் கழுவினாள்.

குமார் ஒரு யோசனை சொன்னான். "திருவந்திபுரத்துல தேவநாதப் பெருமாளுக்கு உப்பு, மொளகு, வெல்லம் போடுங்க மச்சான். உடம்புல வர்ற எதுவா இருந்தாலும் கரைஞ்சு போவும்." நமக்கெல்லாம் கூத்தபிரான் வாசல்தான் வாசல். ஆனாலும் கஷ்டம் வந்தவன் வாசல் பார்ப்பானா? ஆடிக் கடைசி சனிக்கிழமை போனோம். திவ்யாவும் அங்கே வந்து சேர்ந்தாள்.

வழியில் உப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்த வசந்தாவை, கூட்டத்தில் யாரோ இடித்துவிட்டார்கள். பொட்டலம் கீழே விழவில்லை. இடித்ததோடு சரி. அவள் நின்றுவிட்டாள். குழாயைத் தேடிப் போனாள். நான் வெல்லத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால், பொட்டலத்தைப் பிரித்து உப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். உப்பை. வெடித்த கையால், குழாய்க்குக் கீழே பிடித்து. எரியாமல் இருக்குமா? கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் கழுவுவதை நிறுத்த முடியவில்லை. கடைசி கல் கரைந்து போகும்வரை கழுவிவிட்டு, வெறும் உள்ளங்கையை என்னிடம் காட்டினாள்.

"மாமா, சுத்தமா ஆய்டுச்சா?"

நான் "ஆய்டுச்சும்மா" என்றேன்.

திவ்யா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, தப்பா நெனச்சுக்காத. நா தலப்பிரசவத்துக்கு அங்க வரல. எம்மாமியார் வூட்லயே பாத்துக்கறேன். கொழந்தைய அம்மா கழுவிக்கினே இருப்பாங்கப்பா. எனக்கு பயமா இருக்கு."

முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வராவிட்டால் ஊர் ஆயிரம் பேசும். அதுகூட எனக்குப் பெரிசில்லை. சொந்த அம்மாவைப் பார்த்து என் மகளுக்குப் பயம் வந்துவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இதை வசந்தாவிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவள் என்ன ஆவாள்?

சந்நிதியில் நின்றேன். எனக்கு உருக்கமாகப் பாடவெல்லாம் வராது. தபால்காரனுக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன். "பெருமாளே, உனக்குப் போடக் கொண்டுவந்த உப்பு வழியிலேயே போய்விட்டது. என் வீட்டுக்காரியைக் குணப்படுத்து என்று நான் கேட்கவில்லை, அது உன் இஷ்டம். அதற்கென்றே படித்தவர் ஒருவர் இருக்கிறாராம். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆளை நீ அனுப்பவேண்டாம். விலாசம் ஒன்று கொடு. நான் போய்க்கொள்கிறேன்." வெளியே வந்து மேற்குப் பக்கம் பார்த்து நம் நடராஜனிடமும் அதையே சொன்னேன். அப்புறம்தான் சிதம்பரம் தெற்கே இருப்பது ஞாபகம் வந்து திரும்பி நின்று இன்னொரு தடவை சொன்னேன்.

ஆவணி பிறந்து முதல் வாரம். காலையில் கீரப்பாளையம் தபால் ஆபீசில் என் பகுதிக் கடிதக் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பீடு போஸ்ட். பெறுநர் பெயர் கலைவாணி. பெயருக்குப் பின்னால் நீளமாகப் படிப்பு. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் "சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்". அதற்குக் கீழே தெரு.

என் தெரு. அதாவது, தினமும் நான் போகிற தெரு.

உறையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அந்த வீட்டுக்கு வருடக்கணக்காகத் தபால் கொடுக்கிறேன், அந்த மருமகள் வந்தே இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். காலையில் பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும், டீச்சர் என்று நினைத்திருந்தேன். வருகிற கடிதத்திலெல்லாம் புருஷன் பெயர்தான் இருக்கும். நெல் மண்டி ராஜேந்திரன் வீட்டு மருமகள் என்றுதான் எனக்கு, எனக்கென்ன, அந்தத் தெருவுக்கே அவரைத் தெரியும். வீட்டுக்கு வந்த மருமகள் என்ன படித்தாள், என்ன வேலை செய்கிறாள் என்று நாம் யாராவது கேட்கிறோமா? எல்லாவற்றையும் கேட்கிற நானே அதைக் கேட்டதில்லை. விலாசம் என் பையிலேயே இருந்திருக்கிறது. பெயரோடு சேர்ந்து வராததால் எனக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சாமி இப்படியும் விளையாடுமா என்று சிரிப்பும் வந்தது.

அன்றைக்கு முதல் பட்டுவாடா அந்த வீட்டுக்குத்தான். நல்ல வேளை, அவருக்கு அன்று லீவு, வீட்டில் இருந்தார். கையெழுத்து வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். நீங்க டாக்டரா, மருந்து குடுப்பீங்களா, என்ன பண்ணுவீங்க, எங்க வேலை என்று வரிசையாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"கடலூர் பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுல இருக்கேங்கண்ணே. மருந்து டாக்டர் குடுப்பாரு. டாக்டர் ஆளப் பாப்பாரு. நா அந்த ஆளு இருக்கற வூட்டையும் சேத்துப் பாப்பேன்."

நான் வசந்தாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இது வாசல்ல வெச்சிப் பேசற விஷயம் இல்லண்ணே. அவங்க வரலன்னாலும் பரவால்ல. செவ்வாக்கெழம நீங்க மட்டும் வாங்க." தெருவில் எதிர்வீட்டு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கடலூர் போனேன். கலைவாணி மேடம் ஒரு மணி நேரம் கேட்டார். நான் கேள்வி கேட்கிறவன், ஆனால் எனக்கு மேல் கேட்கிற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் இப்படிக் கேட்டார்.

"சுத்தமா இருக்கான்னு அவங்க கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"இருக்குன்னு சொல்லுவேன்."

"சொன்னா நிம்மதி ஆவறாங்களா?"

"ஆவறா மேடம்."

"எவ்ளோ நேரத்துக்கு?"

நான் யோசித்தேன். சாப்பிட்டு எழுகிற வரைக்கும். சில நாள் அதுகூட இல்லை. இத்தனை வருடம் பதில் சொன்னேனே, ஒரு பதிலாவது அரை நாள் தாங்கியதா?

"உங்க மேல தப்பு இல்லண்ணே. பாசத்துலதான் சொல்றீங்க. ஆனா ஒவ்வொரு தடவ பதில் சொல்லும்போதும் அந்த பயத்துக்கு சாப்பாடு போடறீங்க. ஒரேயடியா நிறுத்திடாதீங்க. அவங்ககிட்ட சொல்லாம எதையும் நிறுத்தக் கூடாது. இந்த வாரம் எத்தன தடவ கேக்கறாங்கன்னு மட்டும் எழுதிக்கினு வாங்க."

மறுவாரம், டாக்டர் இல்லை, பேசத்தான் வருகிறார் என்று நான் சொல்லி வசந்தாவும் சரி என்ற பிறகு, அவரே வீட்டுக்கு வந்தார். வேலை விஷயமாக வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அவர்கள் வழக்கமாம். வசந்தா வாசலிலேயே தண்ணீரைக் காட்டினாள். மேடம் மறுக்காமல் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. காபி நல்லா இருக்குக்கா என்றார். பிறகு, ஏதோ ஊர் பேர் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்.

"இது எப்ப ஆரம்பிச்சதுக்கா?"

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. வசந்தா தரையைப் பார்த்தபடியே சொன்னாள். அவள் அம்மா இறந்த அன்று, எடுத்த பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறாள். திவ்யா அப்போது பிளஸ் டூ. அழுதுகொண்டு ஓடிவந்த பெண்ணை, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் முன்பே கட்டிப்பிடித்து முகத்தைத் துடைத்துவிட்டாள். அடுத்த வாரம் திவ்யாவுக்கு டெங்கு. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள், பிழைத்தாள். அதெல்லாம் எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். "நாந்தான் கொண்டாந்து ஒட்ட வெச்சேன். எங்கையாலதான்" என்றாள் வசந்தா. அன்றிலிருந்து அந்தக் கையைத்தான் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது பேரப்பிள்ளை வேறு வரப்போகிறது. நான் எழுந்து கொல்லைக்குப் போய் நின்றுகொண்டேன்.

மேடம் எங்கள் வழக்கம் எதையும் தப்பு என்று சொல்லவில்லை. "சாவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தா உங்க தெருவுல மத்தவங்க எத்தன தடவ குளிப்பாங்கக்கா?" என்று கேட்டார்.

"ஒரு தடவ."

"அவங்கள்லாம் அசுத்தமா?"

"ச்சீ, இல்ல."

"அப்ப உங்களுக்கு மட்டும் யாரு இவ்ளோ ஜாஸ்தி வெச்சது?"

வசந்தா அழுதாள். அந்த மாதமே டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தாள். ஓ.சி.டி. என்றார்கள், ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தைச் செய்ய வைக்கிற நோய். நாட்டில் எத்தனையோ பேருக்கு இருக்கிறதாம், பைத்தியம் இல்லையாம், சரியாகக் கவனித்தால் கட்டுக்குள் வருமாம். மாத்திரை கொடுத்தார்கள்.

மறுநாளே சரியாகிவிட்டது என்று சொன்னால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். அது பொய். மாத்திரை வேலை செய்யவே ஒன்றரை மாதம் ஆனது. மேடமும் வசந்தாவும் சேர்ந்து ஒரு தாளில் பயங்களை வரிசையாக எழுதினார்கள், லேசானது கீழே, பெரியது மேலே. கீழே இருந்து ஒவ்வொன்றாக ஏறவேண்டும். என் தபால் பையைத் தொட்டுவிட்டுக் கால் மணி நேரம் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பது ஒரு படி. வேர்த்து வடிய உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "மாமா, சுத்தமா இருக்கா?" என்று கேட்டால், "அதுக்கு பதில் சொல்றதில்லன்னு மூணு பேரும் பேசி வெச்சிருக்கோம் வசந்தா. ஆனா எழுந்து போவமாட்டேன்" என்று சொல்லவேண்டும். அது எனக்குக் கொடுத்த படி. கார்த்திகையில் ஒரு நாள் அவள் கெஞ்சியதைத் தாங்காமல் "சுத்தமா இருக்கும்மா, இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எண்ணிக்கை பழையபடி ஏறியது. அடுத்த செவ்வாய்க்கிழமை மேடம் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் வெட்கமாக இருந்தது.

மார்கழியில் கையில் புண் ஆறியது. பொங்கலுக்கு வந்த திவ்யா, அம்மா கொடுத்த கரும்பை வாங்கும்போது அந்தக் கையையே பிடித்துக்கொண்டு நின்றாள். தை கடைசியில், ஒன்பதாம் மாதம், வளைகாப்பு முடிந்ததும் வண்டியில் ஏறும்போது "அப்பா, எங்க ஒக்கார, முன்னாடியா பின்னாடியா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மாசி மகம் கழிந்து பேத்தி பிறந்தாள்.

அன்பர்களே, கூத்தபிரானுக்கும் தேவநாதப் பெருமாளுக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன்? இப்போது என் வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. யார் வீட்டிலாவது தூக்கமில்லை, பேச்சில்லை, பயம், குடி என்று கேள்விப்பட்டால் தபாலைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொல்வேன். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எந்த நாள் என்று கேளுங்கள், அங்கே சமூகப் பணியாளர் யார் என்று கேளுங்கள், வரமாட்டேன் என்கிறவரை இழுக்காதீர்கள், முதலில் நீங்கள் போய் உட்காருங்கள். நீங்களும் சாமியிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், மனிதர்களிடமும் கேளுங்கள். பக்கத்து வீட்டு மருமகள் என்ன படித்திருக்கிறாள் என்றும் கேளுங்கள். நம்பிக் கேட்கிறவனைக் கடவுள் கைவிடமாட்டார் என்பதற்கு என் வீடு சாட்சி.

இதோடு முடித்து, இதை நம் குழுவில் படிக்கக் கொடுத்திருப்பேன். ஆனால் போன வாரம் நடந்ததை எழுதாமல் விட மனசில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா இறந்துவிட்டார். வசந்தாவின் தாளில் மிச்சமிருந்த கடைசிப் படி, உச்சியில் இருந்தது, சாவு வீடு. மேடம்கூட அதற்கு அவசரம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். நான் சட்டையை மாட்டினேன். வசந்தா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு வந்தாள். அந்த அம்மாவின் மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எடுக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கப் போனாள். கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த நான், வெளியே பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். திவ்யா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். தண்ணீர் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்கும் என்று நினைத்தேன். சாமி, சாமி என்று வாய் முணுமுணுத்தது. கதவு திறந்தது.

எந்தக் கேள்வியும் வரவில்லை. கேட்கப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா ரெண்டு பேரும் இப்டிப் பாக்கறீங்க?" என்றாள் வசந்தா. "ஊரே ஒரு தடவதான குளிக்குது. புள்ளயக் குடுங்க, தூக்கத்துக்கு அழுவுது பாருங்க."

கொடுத்தேன்.